ஓசூர் வேலையை விட்டுவிட்டுத் தொடர்பியல் ஆய்வுக்குப் போகலாமா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் உதவும். கேட்டவர் பாலக்கோடு பக்கத்து இளைஞர். பி.ஏ. ஆங்கிலம் முடித்தவர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் எச்.ஆர். பிரிவில் மூன்று வருடமாக வேலை. வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து வரும் பொறியாளர்களுக்கும் நடுவில் நின்று பேசிப் பேசி, இதையே பாடமாகப் படித்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. சர்வதேச மக்கள் தொடர்பு, பண்பாட்டிடைத் தொடர்பியல் (வேறு வேறு பண்பாட்டினர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதைப் பற்றிய படிப்பு) இரண்டிலும் ஆய்வு செய்து பேராசிரியராக முடியுமா, எங்கே படிப்பது என்று கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: 'வீட்டில் நான் ஒருவன்தான் சம்பாதிக்கிறேன்.' தம்பி, உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். எங்கே படிப்பது என்பதை செல்போனே சொல்லிவிடும். மாதாமாதம் வருகிற சம்பளத்தை விட்டுவிட்டு ஏழெட்டு வருடம் போட்டால் அந்தப் பக்கம் வேலை இருக்குமா, நம் ஊர்க்காரனுக்கு அங்கே இடம் உண்டா என்றுதானே கேட்கிறீர்கள்?

நான் காவேரிப்பட்டணம் பக்கத்து ஆள். வெளிநாட்டில் ஆய்வுப் பட்டம் முடித்துத் திரும்பி, இருபது வருடத்துக்கு மேல் இங்கேயே தொடர்பியல் பாடம் நடத்தியவன். ஆகவே பாடத்தைப் பற்றியும் இங்குள்ள கல்லூரிகளைப் பற்றியும் நான் சொல்வதை நம்பலாம். வெளிநாட்டு வேலைச் சந்தை பற்றி நான் சொல்வது இருபது வருடத்துக்கு முந்தைய பார்வை. அதைப் பாதி தள்ளுபடி செய்தே படியுங்கள்.

சந்தேகமில்லாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் பெயரில் ஒரு துறையைத் தமிழ்நாட்டில் தேடாதீர்கள். 'இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல்', 'காட்சித் தொடர்பியல்' என்ற பெயர்ப்பலகைகளுக்குள்தான் அது ஒரு தாளாகவோ இரண்டு தாளாகவோ உட்கார்ந்திருக்கும். தமிழில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஒரே நேரத்தில் லட்சம் பேரிடம் பேசும் ஊடகப் படிப்பு மக்கள் தொடர்பியல்; ஒரு நிறுவனம் தன்னைச் சுற்றியுள்ளவர்களோடு உறவை வளர்த்துக்கொள்ளும் வேலை மக்கள் தொடர்பு. ஒரு 'இயல்'தான் வித்தியாசம். போதாததற்கு நம் ஊரில் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அதிகாரி) என்றால் இரண்டு பேர்தான் நினைவுக்கு வருவார்கள்: கலெக்டர் ஆபீஸில் பத்திரிகைக் குறிப்பு அனுப்புகிறவர், சினிமா டைட்டிலில் கடைசியாகப் பெயர் வருகிறவர். நேர்முகத் தேர்வு ஒன்றில், 'இதில் போய் டாக்டரேட்டா?' என்று என்னிடமே கேட்டார்கள். நான் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் டீ சொல்லி அனுப்பினார்.

பண்பாட்டிடைத் தொடர்பியல் பிறந்ததே வகுப்பறையில் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளைப் பயிற்றுவிக்க ஒரு நிலையம் வைத்திருந்தது. 1950களின் தொடக்கத்தில் அங்கே பாடம் எடுத்த எட்வர்ட் ஹால் என்ற மானுடவியலாளர், மொழி தெரிந்த அதிகாரிகளும் வெளிநாட்டில் தடுமாறுவதைக் கவனித்தார். எவ்வளவு தள்ளி நிற்பது, எவ்வளவு நேரம் காக்க வைப்பது, எதைச் சொல்லாமலே புரிய வைப்பது எல்லாம் மொழிக்கு வெளியே இருந்தன. சில சமூகங்களில் பேச்சின் பொருள் சொல்லிலேயே இருக்கிறது, சிலவற்றில் சூழலில் இருக்கிறது என்று பிற்பாடு அவர் பிரித்தார். இன்றும் இந்தப் பாடத்தின் முதல் வாரத்தில் இதைத்தான் நடத்துகிறார்கள்.

இது எனக்குப் புரிந்தது வகுப்பில் இல்லை, கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் கம்பெனியில். எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த சமயம், ஆனி மாதம், பெங்களூரா மாம்பழ வரத்து உச்சத்தில் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து கொள்முதல்காரர் ஒருவர் வந்திருந்தார். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள், ஒரு நாளைக்கு நூறு ரூபாயும் மதியச் சாப்பாடும். அவர் கையோடு ஒரு சின்னக் குழாய் மாதிரி கருவி கொண்டுவந்திருந்தார். கூழில் ஒரு சொட்டை அதன் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இனிப்பின் அளவான பிரிக்ஸ் 14க்கு மேல் இருக்கிறது என்று தலையாட்டினார். எல்லாம் நல்லபடியாகப் போனது. கிளம்பும்போது, இருபதாம் தேதிக்குள் இரண்டு கன்டெய்னர் ஏற்றிவிட முடியுமா என்று கேட்டார். முதலாளி ஒரு நொடி மேஜையைப் பார்த்தார், அப்புறம் சிரித்துக்கொண்டே, 'பார்க்கலாம் சார்' என்றார். நான் அதை 'முடியும்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். இருபதாம் தேதி கன்டெய்னர் கிளம்பவில்லை. அங்கிருந்து வந்த பேக்ஸ் இன்னும் நினைவில் இருக்கிறது, ஒரே பத்தியில் நான்கு முறை 'வாக்குறுதி' என்ற சொல். முதலாளி என்னை நிற்க வைத்துக் கேட்டார்: 'நான் எப்படா முடியும்னேன்? பார்க்கலாம்னுதானே சொன்னேன்?'

அவர் சொன்னது சரிதான். 'செஞ்சிடலாம்' வேறு, 'செய்யலாம்' வேறு, 'பார்க்கலாம்' வேறு. கடைசியாகச் சொன்னது, எதிரில் இருப்பவர் முகம் வாடாமல் மறுக்கும் வழி. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தவரிடம் 'பார்க்கலாம்' என்றால், வரமாட்டேன் என்று அவருக்கே தெரியும். ஹாலின் கோட்பாட்டைப் பிறகு படித்தபோது, நம்ம கதையை எழுதி வைத்திருக்கிறாரே என்றுதான் தோன்றியது. இதோடு நின்றிருந்தால் நான் ஒரு சுமாரான ஆய்வேடு எழுதியிருப்பேன். பல மாதம் கழித்துத்தான் வேறொன்று உறைத்தது. அதே முதலாளி அன்று காலையில் லோடு கொண்டுவந்த விவசாயியிடம் 'இந்த விலைக்கு முடியாதுய்யா, ஏத்திட்டுப் போ' என்று முகத்துக்கு நேரே சொன்னதையும் நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அங்கே சூழல், சுற்றிவளைப்பு ஒன்றுமில்லை. அப்படியானால் 'தமிழர்கள் மறைமுகமாகப் பேசுகிறவர்கள்' என்ற வாக்கியம் பாதிதான் உண்மை. யார் கையில் பணம் இருக்கிறது, யார் யாரிடம் கை ஏந்தி நிற்கிறார்கள் என்பதும் பேச்சின் வளைவைத் தீர்மானிக்கிறது. என் முனைவர் பட்டக் கேள்வி அங்கிருந்துதான் கிளம்பியது.

இதைச் சொல்லக் காரணம், இந்தத் துறையில் எது உறுதி, எது ஆட்டம் காண்கிறது என்று நீங்கள் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். கிர்ட் ஹோஃப்ஸ்டெட் பெயர் சீக்கிரமே உங்கள் முன்னால் வரும். 1967க்கும் 1973க்கும் இடையில் ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்த லட்சத்துக்கும் மேற்பட்ட விடைத்தாள்களை வைத்து, ஒவ்வொரு நாட்டுக்கும் மதிப்பெண் போட்டவர். மேலதிகாரிக்குப் பணிந்துபோகும் மனநிலைக்கு இந்தியாவுக்கு அவர் தந்த எண் 77. அந்த விடைகளைத் தந்தவர்கள் ஒரே ஒரு கம்பெனி ஊழியர்கள். அந்தக் கம்பெனியோ 1978லேயே இந்தியாவை விட்டுப் போய், பிற்பாடுதான் திரும்பி வந்தது. கடைத்தெருவில் தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது நான்கையும் பேசித்தான் கத்தரிக்காய் வாங்க முடிகிற ஓசூருக்கு அந்த ஒற்றை எண் எதைச் சொல்லும்? ஆனாலும் மாணவர்கள் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் அதை ஒட்டிவிட்டு, மூன்றாம் இயலில் மறந்துவிடுகிறார்கள். அந்த எண்ணை ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளலாம், விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவ்வளவுதான் என் கட்சி. என்னோடு ஒத்துப்போகாத நல்ல ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

மக்கள் தொடர்புப் பக்கமும் இப்படித்தான். ஜேம்ஸ் கிருனிக்கும் டாட் ஹண்ட்டும் 1984இல் மக்கள் தொடர்பு வேலைக்கு நான்கு மாதிரிகளைச் சொன்னார்கள். விளம்பரத் தம்பட்டம் ஒரு முனை. நிறுவனமும் மக்களும் சமமாகப் பேசி, தேவைப்பட்டால் நிறுவனமே தன்னை மாற்றிக்கொள்வது மறு முனை. பிறகு கிருஷ்ணமூர்த்தி ஸ்ரீரமேஷ் என்ற இந்தியர், கிருனிக் பாடம் நடத்திய அதே மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் 1992இல் முடித்த ஆய்வுக்காகத் தென்னிந்திய நிறுவனங்களுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தார். அந்த நான்கிலும் அடங்காத ஒன்று இங்கே ஓடிக்கொண்டிருந்தது. மக்கள் தொடர்பு அதிகாரியின் பெரும்பாலான வேலை, வேண்டியவர்களைத் தெரிந்து வைத்திருப்பது, சின்னச் சின்ன உதவி செய்து வைப்பது, நேரம் வரும்போது அந்த உறவைப் பயன்படுத்துவது. தனிநபர் செல்வாக்கு மாதிரி என்று அதற்குப் பெயர். தாலுகா ஆபீஸ் வாசலில் 'உள்ளே யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா?' என்று கேட்டுப் பழகியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இது ஊழலின் மரியாதையான பெயரா, இல்லை நம்பிக்கையைக் கட்டும் நம் ஊர் வழியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்றவன்.

தருமபுரிக்காரனுக்கு இடம் உண்டா என்றீர்களே, அதற்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. தென்னிந்திய அலுவலகங்களைப் போய்ப் பார்த்ததால்தான் அந்தத் துறை தன் பாடத்தைத் திருத்திக்கொண்டது. உங்களுக்கு இன்னொரு உதாரணம், இது நம் குழாயிலேயே வருகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம், மதிப்பு 1,928 கோடி ரூபாய், ஜப்பான் அரசின் கடனுதவி. 2008இல் அடிக்கல் நாட்டியபோது கர்நாடகத்தில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. 2013இல் தொடங்கி வைத்தார்கள். ஒரே திட்டம், எத்தனை மொழியில் பேச வேண்டியிருக்கிறது பாருங்கள்: கடன் கொடுத்த நாட்டுக்கு அறிக்கை, பக்கத்து மாநிலத்துக்குச் சமாதானம், குடிநீர் வடிகால் வாரியத்தின் கோப்பு, பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராம சபை. இதில் கடைசிதான் கடினம். ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பதை, முப்பது வருடமாக ஒரே போர் தண்ணீர் குடித்து, 'எங்க அப்பன் பாட்டன் குடிச்ச தண்ணி' என்று சொல்லும் பெரியவரிடம் எப்படிச் சொல்வீர்கள்? பேரப்பிள்ளையின் பல்லில் இருக்கும் பழுப்புக் கறையைக் காட்டியா, முட்டிவலியைக் கேட்டா, அதிகாரியை அனுப்பியா, பக்கத்து வீட்டு அம்மாவை வைத்தா? சர்வதேச மக்கள் தொடர்பு என்று இதைத்தான் சொல்கிறேன். இதைப் படிக்க டோக்கியோவிலிருந்து வருகிறவருக்கு மூன்று வருடம் மொழியே ஆகிவிடும்.

சரி, வழிக்கு வருவோம். இங்கே விதிகள் தெளிவு. முதலில் முதுகலை வேண்டும். வேலையை விடாமல் படிக்க, இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் எம்.ஏ. இருக்கிறது. நேரில் படிக்கச் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் துறை இருக்கிறது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. முடிந்தால் நேரில் படியுங்கள் என்பேன், அஞ்சல் வழியில் நூலகமும் சண்டை போட நாலு பேரும் கிடைக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு அதை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் பிரிவினருக்கும் 50. அதன் பிறகு நெட், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வு. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, ஒரே அமர்வில் மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. மொழிப் பாடங்கள் தவிர மற்றவற்றுக்குக் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். ஆங்கிலம் படித்த உங்களுக்கு அது பாரமில்லை.

நெட் தேறுவதில் உங்களுக்கு முக்கியமான இரண்டு படி இருக்கிறது, நம் பிள்ளைகள் பலர் இதைக் கவனிப்பதில்லை. கீழ்ப் படியில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைக்கும், அதற்கு வயது வரம்பு இல்லை. மேல் படி ஜே.ஆர்.எஃப்., அதாவது ஆய்வு செய்ய மாதாமாதம் பணம் தரும் இளநிலை ஆய்வு உதவித்தொகை. அதற்கு வயது வரம்பு 30, பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் பிரிவினருக்கும் பெண்களுக்கும் ஐந்து வருடத் தளர்வு. 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. உங்கள் குடும்பத்துக்கு இந்தப் படிதான் முக்கியம். ஜே.ஆர்.எஃப். கையில் இருந்தால் முனைவர் படிப்பு என்பது சம்பளம் வருகிற வேலை. இல்லாவிட்டால் அது அண்ணன் தம்பி காசில் ஓடுகிற வண்டி. 2024 ஜூன் தேர்விலிருந்து முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பல இடங்களில் நெட் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருடம். எம்.ஃபில். இப்போது கிடையாது, யாராவது அதற்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி நிச்சயமில்லாத பகுதி, வேலை. பல்கலைக்கழக விதிப்படி நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. அது காகிதத்தில். அந்த நாற்காலிகள் குறைவு, அதிலும் நம் துறைக்கு மிகக் குறைவு. அரசுக் கலைக் கல்லூரிகளில் தமிழ், ஆங்கிலம், கணிதம் நிரப்பிய பிறகுதான் எங்கள் பக்கம் பார்ப்பார்கள். நடுவில் கௌரவ விரிவுரையாளராகவோ சுயநிதிக் கல்லூரியிலோ சில வருடம் கழியும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சம்பளம் இப்போது ஓசூரில் வாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். நான் திரும்பி வந்த புதிதில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். அசல் சான்றிதழ்களை 'சும்மா சரிபார்க்க' என்று வாங்கி வைத்துக்கொண்டு, விலகும்போது மூன்று மாதம் அலையவிட்டார்கள். யார் கேட்டாலும் அசலைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, மூன்று நாளில் கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம் என்று வாட்ஸப்பில் வருகிற ஆய்விதழ்கள். 3,000 ரூபாய் கட்டி அதில் போட்ட கட்டுரை, பிறகு நல்ல இடத்தில் உங்கள் பெயருக்குக் கரும்புள்ளியாக நிற்கும்.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் தொடர்பியல் துறைகள் முனைவர் மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளி, உதவித்தொகையும் தருகின்றன. பதிலுக்கு இளங்கலை மாணவர்களுக்கு மேடைப் பேச்சு வகுப்பு எடுக்க வேண்டும். நானும் எடுத்தேன். காவேரிப்பட்டணத்து உச்சரிப்பில் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மேடைப் பேச்சு! முதல் வாரம் பாதிப் பேருக்கு நான் பேசியது புரியவில்லை. 'உங்களுக்குப் புரியாத ஒருவரிடமிருந்து எப்படித் தெரிந்துகொள்வீர்கள்' என்பதையே இரண்டாம் வாரப் பாடமாக்கிவிட்டேன். பிரிட்டனில் மூன்று வருடத்தில் முடியும், ஆனால் வெளிநாட்டவருக்குப் பண உதவி கிடைப்பது கடினம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பமென்றால் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையை மாநில அரசு தருகிறது, அதை விசாரியுங்கள். இங்கே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டால் சில மாதம் அமெரிக்காவில் போய் ஆய்வு செய்யும் ஃபுல்பிரைட்-நேரு உதவியும் உண்டு. உங்கள் நிலைமைக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது, போய்வந்த அனுபவமும் கிடைக்கும், வீடும் தவிக்காது. அங்கேயே வேலை, குடியுரிமை என்பதற்கெல்லாம் என் காலத்து அனுபவத்தை நம்பாதீர்கள். போன வருடம் போனவர்களைக் கேளுங்கள்.

ஆக, இப்போது வேலையை விடாதீர்கள். எம்.ஏ.வை வேலையோடு சேர்த்து முடியுங்கள், ஜே.ஆர்.எஃப். வாங்கிய அன்று ராஜினாமா எழுதுங்கள். மூன்று முறை எழுதியும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று வீட்டில் இப்போதே பேசி வையுங்கள். கம்பெனியின் தொழிலாளர் தொடர்பு, பயிற்சிப் பிரிவுகளுக்கும் அந்த எம்.ஏ. பயன்படும் என்பதால் முற்றிலும் வீண் போகாது.

அதற்குள் ஒரு வேலை செய்யலாம், காசு செலவில்லை. உங்கள் கேன்டீன் பக்கத்து நோட்டீஸ் போர்டில் பாதுகாப்பு அறிவிப்பு தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒட்டியிருப்பீர்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பெண்களில் சிலருக்கு வீட்டு மொழி சந்தாலி, சிலருக்கு ஒடியா, இந்தி அவர்களுக்கும் பள்ளிக்கூட மொழிதான். அந்த அறிவிப்பு ஒட்டிய அன்று யார் நின்று படித்தார்கள், யார் யாரிடம் கேட்டார்கள், கேட்டவருக்குப் பதில் சொன்னது சூப்பர்வைசரா, விடுதியில் பக்கத்துக் கட்டில் தோழியா, அவள் சொன்னதில் எது மாறிப்போனது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். பெயர்களை எழுத வேண்டாம், அவர்கள் வேலை சம்பந்தப்பட்டது. ஆறு மாதம் எழுதிய பிறகு, இங்கேயே கீழே ஒரு வரி போடுங்கள், நோட்டைப் பார்த்துத் தருகிறேன். தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தாலும் சரி, நான் கிளம்பி வருகிறேன்.